நீர்க்கடுப்பும் நூறாயிரம் என்னும் எண்ணும்

நோய்களுள் சில ஊரறியப் பேசப்படுகின்றன. சில வாய்திறந்து சொல்லப்படாமலே பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. பெண்டிரை மீண்டும் மீண்டும் பற்றும் நீர்க்கடுப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கழித்துவந்த சிறிது நேரத்திற்குள் மறுபடியும் போகவேண்டும் என்னும் உந்துதல், அடிவயிற்றில் வலி, சில வேளைகளில் நீரோடு குருதி ஆகியவை அதன் குறிகள். தமிழர் வீடுகளில் இதனைச் 'சூடு' என்று சொல்லி, பார்லித் தண்ணீரோ இளநீரோ குடித்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விடுவது வழக்கம். மகள் தாயிடம் சொல்லுவாள். கணவனிடம் சொல்லத் தயங்குவாள். ஆண் மருத்துவரிடம் சொல்ல நாணுவாள்.

ஆயினும் இஃது அரிய நோய் அன்று. பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். முதன்முறை கண்ட இளம்பெண்களில் நால்வருள் ஒருவருக்கு ஆறு மாதத்திற்குள் அது திரும்பவும் வருகிறது. ஆறு மாதத்தில் இருமுறையோ, ஓராண்டில் மும்முறையோ வருமாயின், அதனை 'மீண்டு வரும் நோய்' என மருத்துவர் வகுத்துள்ளனர். இவ்வளவு பரவலான நோயை அறிவுலகம் எவ்வாறு அறிந்துகொண்டது? அறிந்துகொண்டதாக எண்ணிய இடத்தில் எவ்வாறு தவறியது? தவற்றை எவ்வாறு திருத்திக்கொண்டது? இவ்வரலாறு மருத்துவர்க்கு மட்டுமன்றி, அளந்து பார்த்து முடிவு சொல்லும் தொழிலில் உள்ள எவர்க்கும் பயன்தருவதாகும்.

பண்டையோர் கண்டது

எகிப்து நாட்டில் கிறிஸ்துவுக்கு முன் 1550-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரசுச் சுவடியிலேயே சிறுநீர்ப்பை நோய்களுக்கு மருந்துகள் கூறப்பட்டுள்ளன. ஆயுர்வேத நூல்கள் இந்நோயை 'மூத்திரகிருச்சிரம்' என்றன. அருமையாய் வருந்திக் கழிப்பது என்பது அச்சொல்லின் பொருள். தமிழகத்துச் சித்தர் மரபிலோ நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு என்னும் பெயர்கள் வழங்கின. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றை ஆராயும் நீர்க்குறியும், அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு அது பரவும் வடிவத்தைக் கொண்டு வாத பித்த கபங்களின் நிலையை அறியும் நெய்க்குறியும் அம்மரபின் தனிச்சிறப்புகள். ஐரோப்பாவில் இடைக்கால மருத்துவர்களும் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை ஏந்தி, ஒளியில் பிடித்துப் பார்த்தே நோய் கூறினர்.

இம்முறைகள் அனைத்திலும் பொதுவாய் அமைந்தது ஒன்று உண்டு. உள்ளே நடப்பதைச் சிறுநீர் வெளியே வந்து சொல்லும் என்று எல்லா நாட்டாரும் நம்பினர். அந்நம்பிக்கை பிழையன்று. ஆனால், கண்ணுக்குத் தெரியாத உயிரொன்று அந்நீரில் நீந்துகிறது என்பதை அறியும் கருவி அவர்களிடம் இல்லை.

கிருமி வெளிப்பட்டது

அக்கருவியைத் தந்தவர் ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த சிறு ஆடிகளின் வழியாக 1670-களில் நுண்ணுயிர்களை அவர் கண்டார். எனினும் அவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில், தூய முறையில் எடுத்துக் காற்றின் மாசு படாமல் காத்த சிறுநீர் கெடுவதில்லை என்றும், கிருமி புகுந்தால் அவை பெருகுவதற்குச் சிறுநீர் நல்ல இடமாகும் என்றும் காட்டினார்.

1885-ஆம் ஆண்டில் தியோடோர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கோல் வடிவான கிருமியொன்றைக் கண்டு விளக்கினார். பின்னாளில் அவர் பெயராலேயே அது 'எஷரிக்கியா கோலை' என வழங்கலாயிற்று. இன்று அதனைச் சுருக்கமாக ஈ.கோலை என்கிறோம். அதே எஷரிக் 1894-இல், சிறுநீர்ப்பை அழற்சியுற்ற சிறுமிகளின் நீரில் இதே குடற்கிருமி இருந்ததை எடுத்துரைத்தார். குடலில் தீங்கின்றி வாழும் ஓர் உயிர், இடம் மாறினால் நோயாகிறது என்பது அப்போது புலனாயிற்று. இன்றும் இந்நோயின் பெரும்பகுதிக்குக் காரணம் இக்கிருமியே.

பெண்களுக்கு இது மிகுதியாக வருவது ஏன் என்பதற்கு உடலமைப்பே முதல் விடை. பெண்ணின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் நீளமே உடையது. ஆணுக்கோ அது 20 செண்டிமீட்டரளவு நீண்டது. மேலும் பெண்ணுக்கு அதன் வாய் ஆசனவாய்க்கு அண்மையில் உள்ளது. கிருமி கடக்கவேண்டிய வழி குறுகியது என்பது தவிர, இதில் ஒழுக்கக்குறைவோ தூய்மைக்குறைவோ ஒன்றுமில்லை. இதனை அறியாமல் பெண்ணைக் குறைகூறுவது அறமாகாது.

மருந்துகள் பெருகின, நோய் திரும்பியது

1890-களில் செர்மனியில் ஹெக்சமீன் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அது புளிப்புத்தன்மையுள்ள சிறுநீரில் சிதைந்து பார்மால்டிஹைடாகிக் கிருமிகளைக் கொல்லும். 1935-இல் டோமாக் என்னும் செர்மானிய அறிஞர் பிராண்டொசில் என்னும் மருந்தின் ஆற்றலை வெளியிட்டார். அதிலிருந்து பிறந்த சல்பா மருந்துகள் நீர்க்கடுப்புக்கும் விரைவில் வழங்கப்பட்டன. 1953-இல் நைட்ரோபுரண்டாயின் வந்தது. அதன்பின் மருந்துகள் வரிசையாக வந்தன. மூன்று நாள் மாத்திரையில் எரிச்சல் தணிந்தது. சில திங்களில் திரும்பவும் வந்தது. மருந்து அறிந்த உலகம், நோய் மீண்டு வருவதன் காரணத்தை அறிந்திருக்கவில்லை.

நூறாயிரத்தின் பிறப்பு

இந்நிலையில் பாஸ்டன் நகரில் எட்வர்டு காஸ் என்னும் மருத்துவர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் கிருமி புகுந்து, வெளிக்குறி எதுவுமின்றி அதனை அழித்துவரும் நோய், இறந்தோரை அறுத்துப் பார்க்கும்போதே பலரிடம் வெளிப்பட்டது. உயிரோடிருக்கையிலேயே அதனை அறிவது எப்படி? அக்காலத்தில் ஐயமற்ற சிறுநீர் வேண்டுமாயின் கதீட்டர் என்னும் குழாயைத் தாரைவழியே செலுத்தி எடுத்தனர். அக்குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோகும் வழியாகவும் இருந்தது. 1958-இல் பால் பீசன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கதீட்டருக்கு எதிராகத் தலையங்கமே எழுதினார்.

குழாயின்றி, இயல்பாய்க் கழிக்கும் நீரின் இடைப்பகுதியைப் பிடித்து ஆராயலாம் என்றார் காஸ். ஆனால் அந்நீரில் தோலிலுள்ள கிருமிகளும் கலந்துவிடுமே? கலப்பினால் வந்ததையும் நோயினால் வந்ததையும் பிரிக்க அவர் எண்ணத் தொடங்கினார். சிறுநீரக நோயுற்ற பெண்களின் நீரையும், குறியற்ற பெண்களின் நீரையும் ஒப்பிட்டார். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோரிடம் ஒரு மில்லிலிட்டரில் நூறாயிரம், அதாவது ஓர் இலட்சம் கிருமிகளுக்குக் குறையாமல் இருந்தன. கலப்பினால் வந்தவை பெரும்பாலும் அதனினும் மிகக் குறைவாகவே இருந்தன. 1956-இல் வெளியான இவ்வாராய்ச்சியால் 'நூறாயிரம்' என்னும் எல்லை பிறந்தது. ஒருமுறை பார்த்தால் போதாது, மறுமுறையும் பார்த்து உறுதிசெய்க என்றும் காஸ் அறிவுறுத்தினார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கருவுற்ற பெண்களில் குறியின்றிக் கிருமியுடையோரைக் கண்டறிந்து மருந்து தந்தால், பின்னர் வரக்கூடிய சிறுநீரக நோயைத் தடுக்கலாம் என அவர் காட்டினார். இன்று கருப்பகாலத்தில் சிறுநீர்ச் சோதனை செய்யப்படுவதன் பின்னால் அவர் உழைப்பு உள்ளது. எண்ணத் தெரிந்ததால், மருத்துவம் ஊகத்திலிருந்து ஒருபடி உயர்ந்தது எனலாம்.

எல்லை சுவரானது

ஆனால் ஓர் அளவுகோல் எதற்காக வகுக்கப்பட்டதோ அதனை மறந்து எங்கும் எடுத்து நீட்டினால், அது அளப்பதை விட்டு மறைக்கத் தொடங்கிவிடும். உயர்வகுப்பு மாணவனுக்கு வகுத்த தேர்ச்சி எண்ணைக் கொண்டு தொடக்கநிலைக் குழந்தையைத் தேறாதவன் என்று தள்ளும் ஆசிரியர் உண்டா? நூறாயிரத்துக்கு நேர்ந்தது அதுதான். குறியற்றோரிடமும் சிறுநீரக நோயாளரிடமும் பிறந்த அவ்வெல்லை, எரிச்சலால் துடித்துவரும் பெண்ணுக்கும் வைக்கப்பட்டது.

வலியோடு வந்த பெண்ணின் நீரைச் சோதனைக்கு அனுப்புவர். எண்ணிக்கை நூறாயிரத்துக்குக் குறைந்தால், 'கிருமி இல்லை' என்று விடை வரும். 1965-இல் நியூசிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் வந்த பெண்களை ஆய்ந்தபோது, குறியுடையோரில் கணிசமானவர்களுக்கு இவ்வாறே விடை கிடைத்தது. அவர்கள் நிலைக்குச் 'சிறுநீர்த்தாரைக் கூட்டுநோய்' என்று ஒரு பெயர் வழங்கலாயிற்று. பெயர் இருந்தது, காரணம் இல்லை. காரணம் இல்லாத இடத்தில் நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை என்னும் சொற்கள் வந்து அமர்ந்தன. நோயோடு 'உனக்கு நோயில்லை' என்னும் சொல்லையும் சுமந்து அப்பெண்கள் வீடு திரும்பினர். இங்கிலாந்தில் பாடகியாயிருந்த ஆஞ்சலா கில்மார்ட்டின், தாமே இந்நோயால் பல்லாண்டு வருந்தியவர், 1970-களில் நோயுற்ற பெண்களுக்கென நூலெழுதி அவர்களை ஒன்றுசேர்த்ததற்கு இத்தகைய நிலையே களமாயிற்று.

சியாட்டில் தந்த திருத்தம்

அமெரிக்காவின் மேற்குக்கரையில், சியாட்டில் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஸ்டாம் என்பவரும் அவர்தம் தோழரும் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினர். இப்பெண்கள் கூறுவது மெய்யாயிருந்தால் என்ன என்பதே அக்கேள்வி. கூட்டுநோய் என்று பெயர் சூட்டப்பட்ட 59 பெண்களை அவர்கள் ஆராய்ந்து 1980-இல் முடிவை வெளியிட்டனர். தோலின் கலப்புக்கு இடமின்றிச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக நீர் எடுக்கப்பட்டது. 42 பேரின் நீரில் சீழணுக்கள் மிகுந்திருந்தன. அந்த 42 பேரில் 37 பேரிடம் குடற்கிருமியோ, ஸ்டாபிலோகாக்கஸ் இனமொன்றோ, கிளமீடியாவோ காணப்பட்டது.

1982-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் தெளிவானது. சிறுநீர்ப்பையில் ஐயமறக் குடற்கிருமியுடைய பெண்களில், நூறாயிரம் என்னும் எல்லையைத் தொட்டவர் நூற்றுக்கு 51 பேர் மட்டுமே. மற்றப் பாதிப்பேர் 'நோயற்றவர்' என்று அனுப்பப்பட்டிருப்பர்! குறியுள்ள பெண்ணுக்கு நூறாயிரம் வேண்டா, நூறு போதும் என்றார் ஸ்டாம். எண்ணிக்கை குறைவதற்குக் காரணமும் எளிதே. எரிச்சலுற்ற பெண் அடிக்கடி நீர் கழிக்கிறாள். தணியட்டும் என்று நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். ஆதலின் கிருமி பையில் தங்கிப் பெருகப் போதிய நேரம் கிடைப்பதில்லை. நோயின் குறியே எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது.

பெண்ணின் சொல் எத்துணை நம்பத்தக்கது என்பதும் பின்னர் அளந்து பார்க்கப்பட்டது. எரிச்சலும் அடிக்கடி நீர்கழித்தலும் இருந்து, வெள்ளைபடுதல் முதலிய பிற குறிகள் இல்லையாயின், நோயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என 2002-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து உரைத்தனர். அதற்கு முந்திய ஆண்டில், மீண்டு வரும் நோயுடைய இளம்பெண்களிடம் மருந்தை முன்கூட்டியே கொடுத்து, நோய் வந்ததெனத் தோன்றும்போது தாமே உட்கொள்ளச் சொல்லிய சியாட்டில் ஆய்வொன்று வெளிவந்தது. அவர்கள் 172 முறை 'வந்துவிட்டது' என்றனர். 144 முறை கிருமி காணப்பட்டது. வேறு 19 முறை சீழணு மட்டும் காணப்பட்டது. ஒன்றும் காணப்படாதவை 9 மட்டுமே.

மீண்டு வருவது ஏன்?

இனி, நோய் திரும்புவதன் காரணத்தைக் காண்போம். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டேமி, நோய் வருவதற்கு முன்பே குடற்கிருமிகள் பெண்ணுறுப்பின் வாயிலில் குடியேறிவிடுகின்றன என 1970-களில் காட்டினார். சுவீடன் நாட்டில் காதரினா சுவான்போர்க் 1976-இல், இக்கிருமிகள் சிறுநீர்வழியின் உயிரணுக்களில் ஒட்டிக்கொள்ளும் திறனை எடுத்துரைத்தார். நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் பற்றிக்கொள்ளக் கிருமிக்கு நுண்மயிர்கள் உண்டு. 1981-இல் வந்த ஆய்வு, அடிக்கடி நோயுறும் பெண்களின் உயிரணுக்களில், கன்னத்தின் உட்புறத்து அணுக்களிலுங்கூட, கிருமி மற்றவர்களைவிட மிகுதியாய் ஒட்டுகிறதென்று கண்டது. சிலர் உடல் இயல்பாகவே இந்நோய்க்கு இடங்கொடுக்கிறது என்பது இதன் கருத்து.

இளம்பெண்களுக்குப் பாலுறவும், கருத்தடைக்கென இடும் விந்துக்கொல்லி மருந்தும் நோய்க்கு வழிவகுக்கின்றன என 1996-இல் சியாட்டில் ஆய்வாளர் நிறுவினர். மாதவிலக்கு நின்ற மூதாட்டியர்க்குக் காரணம் வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அவ்விடத்தைக் காக்கும் லாக்டோபசில்லஸ் என்னும் நற்கிருமிகள் குறைந்துவிடுகின்றன. 1993-இல் ராஸ், ஸ்டாம் இருவரும் 93 பெண்களை ஆய்ந்தனர். ஈஸ்ட்ரியால் களிம்பைப் பெண்ணுறுப்பில் இட்டவர்க்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறையும், இடாதவர்க்கு 5.9 முறையும் நோய் வந்தது.

செயிண்ட் லூயி நகரில் ஸ்காட் ஹல்ட்கிரன் குழுவினர் எலிகளில் கண்டது இன்னும் வியப்புக்குரியது. ஈ.கோலை சிறுநீர்ப்பையின் மேற்பரப்பில் ஒட்டுவதோடு நில்லாமல், அணுவின் உள்ளே புகுந்து கூட்டமாய்ப் பெருகுவதை 2003-இல் அவர்கள் வெளியிட்டனர். மருந்து நீரில் உள்ளதைக் கொன்றாலும், அணுவுக்குள் உறங்குவது எஞ்சிநின்று பின்னர் வெளிவரக்கூடும். நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் இத்தகைய கூட்டத்தின் அடையாளங்கள் காணப்பட்டதாக 2007-இல் எழுதினர். திரும்பி வரும் நோயில் முன்பு வந்த அதே கிருமிவகை பலமுறை காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். குடலிலிருந்து அது மறுபடியும் வருவதும் உண்டு.

எண்ணின் மறுபக்கம்

எண்ணை நம்பி நோயுற்றவரைத் தள்ளியது ஒரு பிழை. அதே எண்ணை நம்பி நோயற்றவருக்கு மருந்தூட்டியது மற்றொரு பிழை. குறியொன்றும் இல்லாதவர் நீரில் கிருமி காணப்பட்டவுடன் மருந்து தருவது பலகாலம் வழக்கமாயிருந்தது. இத்தாலியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இவ்வாறு மருந்துண்ட பெண்களுக்கே பின்னர் நோய் மிகுதியாய் வந்தது. கருவுற்றோர், சிறுநீர்வழியில் சில அறுவைகளுக்கு உட்படுவோர் ஆகியோர் தவிர, குறியற்றோர் பெரும்பாலோருக்கு மருந்து வேண்டாவென அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2005-இலும் 2019-இலும் நெறிவகுத்தது. வேண்டாத மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். நலமுள்ள பெண்ணின் சிறுநீர்ப்பையிலும் கிருமிகள் வாழ்கின்றன எனச் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தார் 2012-இல் காட்டியதால், சிறுநீர் முற்றும் தூயது என்ற பழைய பாடமும் மாறிவிட்டது.

தடுப்பு முறைகளிலும் பழைமை புதிதாய்த் திரும்பியுள்ளது. மீண்டு வரும் நோயுடையவரும் குறைவாய் நீர் பருகுபவருமான 140 பெண்களை 2018-இல் வெளியான ஆய்வு பின்தொடர்ந்தது. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாய்க் குடித்தவர்க்கு ஓராண்டில் சராசரி 1.7 முறையும், மற்றவர்க்கு 3.2 முறையும் நோய் வந்தது. நிறையத் தண்ணீர் குடி என்ற பாட்டியின் அறிவுரை அளவுகோலிலும் தேறிவிட்டது! கிரான்பெர்ரிப் பழச்சாறும் அதன் மாத்திரையும் மீண்டும் வருவதை ஓரளவு குறைக்கின்றன என 2023-இல் ஆய்வுத்தொகுப்பொன்று முடிவு கூறியது. 1890-களின் ஹெக்சமீன், நாள்தோறும் உண்ணும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பெரிதும் பின்தங்கியதன்று என 2022-இல் பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

இவையெல்லாம் மருத்துவரை நாடாதிருக்கக் காரணமாகா. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் விலாவலியும் தோன்றினாலும், நீரில் குருதி கண்டாலும், கருவுற்றிருக்கையில் நீர்க்கடுப்பு வந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். நாணத்தால் காலந்தாழ்த்துவது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும்.

காஸ் பிழை செய்தார் என்று இவ்வரலாற்றைப் படிப்போர் கொள்ளலாகாது. அவர் வகுத்த எல்லை, வகுத்த இடத்தில் சரியானது. இன்றும் கருவுற்றோர்க்குப் பயன்படுகிறது. அது பிறந்த இடத்தை மறந்தவர்களே பிழைசெய்தனர். மாணவர்க்கு ஓர் எண்ணை, ஒரு விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், அஃது எவரைப் பார்த்து, எதற்காக வகுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பாராயின் இத்தகைய பிழைகள் குறையும். பள்ளியில் அடிக்கடி வெளியே போக இசைவு கேட்கும் சிறுமியை அதட்டி அமரவைக்கும் முன், அவள் சொல்லையும் ஒருகணம் கேட்பது நன்று. வலியுடையவர் வலிக்கிறது என்று சொல்வதும் ஒரு சான்றே. அச்சான்றைப் பதிவுசெய்ய மருத்துவ உலகுக்கு 1956 முதல் 1982 வரை இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன.